மேலே கேட்கும் சமத்துவம்

அன்புள்ள மகளுக்கு,

முடிவெடுக்க ஒருவர் வேண்டும் என்று கேட்ட உன் அலுவலகக் குழுவினரே, நீ முடிவெடுத்ததும் முகம் சுளிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தலைமையை நாடும் மனமே அதற்கு அஞ்சவும் செய்கிறது, அம்மா. கி.பி. 921-இல், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டி வைத்த விதிகளைப் பார். ஏரியையும் தோட்டத்தையும் பேண வாரியங்கள் எனும் குழுக்கள் வேண்டும் என்று உணர்ந்திருந்த அச்சபை, ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் மூன்றாண்டுக்குள் மீண்டும் வரக்கூடாது என்றது. கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் விலக்கியது. உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க, பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பதை விவரமறியாத ஒரு சிறுவனிடம் விட்டது. இத்தனை ஐயத்தோடு பொறுப்பை ஒப்படைத்தவர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் அந்தக் குடத்தில், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்களின் பெயர்கள் மட்டுமே விழுந்தன. தங்களுக்குள் எவரும் ஓங்கிவிடாதபடி காத்தவர்களுக்கு, அந்நிலத்தை உழுதவர்கள் சபையில் இல்லாதது ஒரு குறையாகவே படவில்லை.

நம் காலத்திலும் இது மாறிவிடவில்லை என்பதுதான் என் வருத்தம். ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகளாகக் கருதிக் கைரேகை பதியச் சொன்ன ஆங்கிலேய அரசை எதிர்த்து, 1920-இல் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். அந்த வீரத்தை நான் வணங்குகிறேன். அதே உசிலம்பட்டிப் பகுதியில்தான், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அஞ்சி மனுத் தாக்கல் செய்ய ஆளில்லாமலும், வென்றவர் உடனே பதவி விலகியும், 2006 வரை அந்த நாற்காலியில் எவரும் நிலைத்து அமர முடியவில்லை. மேலிருந்து விழும் அடி நமக்கு உடனே வலிக்கிறது. நம் கையிலுள்ள அதிகாரமோ ஊர் வழக்கம் என்ற பெயரில் இருப்பதால், அதை அதிகாரம் என்றே நாம் எண்ணுவதில்லை.

ஆகவே உன் குழுவினர் காரணம் கேட்டால் பொறுமையாகச் சொல். கேட்பது அவர்கள் உரிமை. உங்கள் அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் துப்புரவுப் பணி செய்பவர்களின் வேலைநேரத்தை யார் முடிவு செய்கிறார்கள், அதற்கு முன் அவர்களிடம் எவரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதையும் விசாரித்து எழுது.

அன்புடன்,
அப்பா