முன்னால் நின்றவர் வென்றால் சலிப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூர் ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் போல் பொசிஷனில், அதாவது வரிசையின் முதலிடத்தில், தொடங்கியவரே வென்றுவிட்டால் அது பந்தயமல்ல, ஊர்வலம் என்று தேக்கா உணவுக் கடைகளில் அலுத்துக்கொள்கிறார்கள். 2024இல் லாண்டோ நோரிஸும் 2025இல் ஜார்ஜ் ரசலும் மரினா பே சாலைகளில் அப்படித்தான் வென்றார்கள். அதனால் என்ன?

2023ஐ நினைத்துப் பாருங்கள். முதலிடத்தில் தொடங்கி வென்ற கார்லோஸ் சைன்ஸ், கடைசிச் சுற்றுகளில் வேண்டுமென்றே நிதானித்து, பின்னால் வந்த நோரிஸை ஒரு வினாடி இடைவெளிக்குள் வைத்துக்கொண்டார். அந்த நெருக்கத்தில் இருந்தால் காரின் பின்னிறக்கையைத் திறந்து வேகம் கூட்ட, அன்றைய விதிப்படி நோரிஸுக்கு அனுமதி இருந்தது. அதைக் கொண்டே நோரிஸ் தமக்குப் பின்னால் வந்த மெர்சிடிஸ் கார்களைத் தடுத்தார். துரத்துபவரையே கேடயமாக்கிய கணக்கு! அந்தப் பருவத்தில் ரெட் புல் அணி வெல்லாத ஒரே பந்தயமும் அதுதான்.

போல் கிடைத்தாலே வெற்றி என்பதும் பொய். 2017இல் செபாஸ்டியன் வெட்டல் இங்கே முதல் சுற்றைக்கூட முடிக்கவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். வென்றவர் பெயரோடும் வாணவேடிக்கைப் படத்தோடும் செய்தியை நிறுத்தாமல், டயர் மாற்றிய நேரம், கார்களுக்கு இடையிலான இடைவெளி ஆகியவற்றைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள்.

ஈசூன் வாசகர்