திசைகாட்டி இருந்த இடம் எங்கள் கடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் இலங்கை அதிபர் தேர்தல் பற்றி நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். 2024 செப்டம்பர் 21 தேர்தலில் ரணில் விக்கிரமசிங்க, சஜித் பிரேமதாச, அனுர குமார திசாநாயக்க மூவரில் யார் வந்தால் டெல்லியோடு எப்படி, சீனாவோடு எப்படி என்று விளக்கம். அம்பாந்தோட்டை துறைமுகத்தைச் சீனாவுக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது, 2022-ல் சீனாவின் யுவான் வாங் ஆய்வுக் கப்பல் அங்கே வந்து நின்றது எல்லாம் இருந்தது. கடைசியில், மீனவர் பிரச்சினை உள்ளூர் விவகாரம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். மகன் அதை வாசித்துக் காட்டிய ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

உள்ளூர் விவகாரத்துக்கு என் வீட்டுக்காரர் எதற்காகப் பாஸ்போர்ட் எடுத்தார், ஐயா?

எங்கள் விசைப்படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு இரண்டு வருடமாகிறது. தொழிலுக்குப் போன ஐந்து பேரும் விடுதலையாகி, விமானத்தில் சென்னை வந்து, வேனில் ஊர் சேர்ந்தார்கள். படகு வரவில்லை. உரிமையாளரே இலங்கைக்கு நேரில் வந்து ஆவணம் காட்ட வேண்டுமாம். என் சங்கிலியை அடகு வைத்து அனுப்பினேன். பதிவுச் சான்று, ஆதார் நகல் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்தேன். மூன்று தவணை போய் வந்தார். மூன்றாம் முறை துறைமுகத்தில் படகைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் சாய்ந்து பாதி தண்ணீருக்குள் கிடந்ததாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மஞ்சப்பை இன்னும் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கச்சத்தீவு இலங்கைக்கு என்று கையெழுத்துப் போட்டபோதும் எங்களை யாரும் கேட்கவில்லை. அங்கே வலை காயப் போட்டவர் என் அப்பா. சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் எங்கள் விஷயத்திலும் ஒப்பிட நிறைய இருக்கிறதே. 2017-ல் இலங்கையில், கடலடியை வாரிக்கொண்டு வரும் இழுவைமடி வலைக்குத் தடைச் சட்டம் வந்தபோதும், மறு வருடம் வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தை ஏற்றியபோதும் ரணில்தான் பிரதமர், சஜித் மந்திரி. அனுரவின் கட்சி 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்த கட்சி. அவரே 2024 பிப்ரவரியில் டெல்லி வந்து நம் வெளியுறவு மந்திரி ஜெய்சங்கரைப் பார்த்துப் போயிருக்கிறார். எங்கள் படகுகளை இவர்களில் யார் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

எங்கள் இழுவைமடியில் அக்கரைத் தமிழ் மீனவரின் வலை அறுபடுவதை நான் மறைக்கவில்லை. அவர்களும் கடன் வாங்கித்தான் வலை வாங்குகிறார்கள். ஆழ்கடலுக்கு மாறுங்கள் என்று 2017-ல் நம் அரசு திட்டம் போட்டது. படகு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம். மீதி 24 லட்சத்துக்கு, இருந்த படகையும் பறிகொடுத்தவர்கள் எங்கே போவோம்? அதைப் பற்றியும் உங்கள் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. பரவாயில்லை.

இப்போது கேட்பது ஒன்றுதான். கட்டுரையோடு வந்த வரைபடத்தில் கொழும்பும் அம்பாந்தோட்டையும் பெரிய எழுத்தில் இருந்தன. ராமேஸ்வரத்துக்கும் நெடுந்தீவுக்கும் நடுவில் கச்சத்தீவு இருக்க வேண்டிய இடத்தில் திசைகாட்டியை வரைந்து மறைத்திருந்தீர்கள். அடுத்த இதழிலாவது தயவுசெய்து அதை வேறு மூலைக்கு மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு படகுக்காரரின் மனைவி,
தங்கச்சிமடம்.