காரியை இனி ஓட்ட வேண்டாம், கயல்

அன்புள்ள கயலுக்கு,

நாங்கள் நலம். நம் குதிரை காரியும் நலம். போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். அரைகுறையாக ஏதாவது சொல்லி உன் மனசைக் கலக்கிவிடக் கூடாதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வீடியோவில் அவன் துள்ளுநடை போட்டதைப் பார்த்துவிட்டு, "கால் சரியாகிவிட்டதே அப்பா, உயரம் குறைந்த தடை தாண்டும் போட்டியில் ஒரே ஒரு முறை இறக்கிப் பார்க்கலாமா?" என்றாய். வேண்டாம் கண்ணு. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அவன் இப்போது நொண்டவில்லை, உண்மைதான். மெத்தென்ற தரையில், நேர்கோட்டில், முதுகில் யாரும் இல்லாமல் போகும்வரை நொண்ட மாட்டான். குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழே சதை என்று ஒன்றும் கிடையாது. எலும்பும், சதையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், தோலும்தான். பின்பக்கம் ஓடும், காரிக்கு அடிபட்ட அந்தத் தசைநாண்தான் ஒவ்வொரு எட்டுக்கும் நீண்டு சுருங்கி உடம்பைத் தாங்குகிறது. நாலுகால் பாய்ச்சலில் அது தன் நீளத்தில் 10 சதவீதத்துக்கும் மேல் இழுபடும். அறுந்துபோகும் எல்லை அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. தடையைத் தாண்டி இறங்கும்போதோ, அவன் எடை 500 கிலோவும் முதலில் ஒற்றை முன்னங்காலில் வந்து விழுகிறது.

கடைசி ஸ்கேனை டாக்டர் என்னைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் காட்டினார். நல்ல காலில் இழைகள் வாரிவிட்ட கூந்தல் போல வரிசையாகத் தெரிகின்றன. அடிபட்ட காலில், அன்றைக்குக் கறுப்பாக ஓட்டை மாதிரி தெரிந்த இடம் மூடியிருக்கிறது. ஆனால் மூடியிருப்பது தழும்பு. இழைகள் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. தழும்பு விறைப்பாக இருக்கும், பழையபடி நீண்டு கொடுக்காது. அந்தச் சுமை மேலேயும் கீழேயும் உள்ள நல்ல பகுதியில் போய் ஏறும், அங்கே பிய்யும். இரண்டாம் முறை அடிபட்டால் இந்த அளவுக்காவது ஆறுமா என்று கேட்டேன். டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

வலி மருந்து கொடுத்து இறக்கலாம் என்று அங்கே யாரோ சொன்னதாகச் சொன்னாயே, அதை மட்டும் மனசிலிருந்தே எடுத்துவிடு. போட்டி நேரத்தில் குதிரையின் உடம்பில் ஃபீனைல்புட்டாசோன் என்ற அந்த வலி மருந்து இருக்கக் கூடாது என்று சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பே விதி வைத்திருக்கிறது. அந்த விதி இல்லாவிட்டாலும் நான் சம்மதிக்க மாட்டேன். காலில் ஏதோ சரியில்லை என்று அவனுக்குச் சொல்வதற்கு இருப்பது வலி ஒன்றுதான். அதையும் அடக்கிவிட்டால், நீ கேட்டதற்காக அவன் தாண்டுவான். காரி எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்று. "நான்தான் அவன் காலைக் கெடுத்தேன்" என்று அம்மாவிடம் அழுதாயாம். அந்த ஒரு தாண்டலில் வந்த கேடு இல்லை அது. இந்தத் தசைநாணில் வருஷக்கணக்காகக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சேதம் சேர்ந்துகொண்டே போகும். வெளியே வீக்கம் இருக்காது, சூடு இருக்காது, நொண்டலும் இருக்காது. ஒருநாள் சாதாரணமான ஓர் எட்டில் விட்டுப்போகும். அன்றைக்கு நீ கடிவாளத்தை வேறு மாதிரி பிடித்திருந்தால் தப்பித்திருப்பான் என்று நினைத்து நினைத்து உன்னை வருத்திக்கொள்ளாதே. காலில் சூடு தெரிந்த நிமிஷமே இறங்கி ஐஸ் வைத்துக் கட்டியவள் நீ.

இனி அவன் பொழுது எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். நீ கேட்பதே இல்லை, ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.

லாயத்திலேயே அடைத்து வைத்திருந்த மாதங்கள்தான் கொடுமை. போட்டிக்குப் போகும் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால் கதவருகே வந்து கனைப்பான். பிறகு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே நிற்க ஆரம்பித்தான். அடைந்து கிடக்கும் குதிரைக்கு வருகிற பழக்கம் அது, நம் மேல் கோபமில்லை. தானியத்தை நிறுத்தி, சின்னக் கண் வலையில் காய்ந்த புல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். ஒவ்வொரு வாயாக இழுத்து மெல்ல வேண்டும், நாளெல்லாம் வாய்க்கு வேலை. குதிரையின் வயிற்றில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும், உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். வெறும் வயிற்றோடு நின்றால் புண் வந்துவிடும். அதனால் அவன் முன்னால் புல் இல்லாத நேரம் என்று நான் வைப்பதில்லை.

அதற்காக ஏகத்துக்கும் போடுவதில்லை. அவன் எடைக்கு நாளுக்கு 8 முதல் 10 கிலோ, எடை போட்டுத்தான் வைக்கிறேன். உழைப்பு நின்ற உடம்பு சீக்கிரம் பெருத்துவிடும். பெருத்தால் குளம்புக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகள் அழன்று, நிற்கவே முடியாமல் போகும் நோய் வரலாம். இந்தக் காலோடு அதையும் அவன் தாங்க வேண்டாம். பிடரிக்குக் கீழே கழுத்து மேடு கெட்டிப்படுகிறதா என்று தினமும் கை வைத்துப் பார்த்துவிடுவேன். இதுவரை இல்லை.

லாடத்தைக் கழற்றியாயிற்று. முதலில் சரளைக் கல் மேல் கூசிக் கூசி நடந்தான். இப்போது பழகிவிட்டது. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட முழுதாக வளராது. ஆணி அடித்த துளைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, செதுக்கலில் போய்விட்டன.

பெரிய வெளியில் ஒரேயடியாக அவிழ்த்துவிடவில்லை, பாய்ந்து ஓடி மறுபடி கெடுத்துக்கொள்வான் என்ற பயம். முதலில் சின்ன அடைப்பு, பிறகு கொஞ்சம் பெரியது. பக்கத்து அடைப்பில் அந்த வயசான மட்டக்குதிரையைக் கட்டி வைத்தோம். வேலிக்கு மேலாக மூக்கும் மூக்கும் வைத்துப் பேசிக்கொண்டார்கள். அவள் இரண்டு தடவை காதை மடக்கிக் கத்தினாள், இவன் ஒதுங்கிக்கொண்டான், அவ்வளவோடு சமாதானம். இப்போது இருவரும் ஒரே வெளியில்தான். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் ஒருவரை ஒருவர் பல்லால் வருடிவிடுகிறார்கள். குதிரைக்கு அந்த இடத்தில் சொறிந்துவிட்டால் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று 1993-லேயே அளந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். நானும் அங்கேதான் சொறிகிறேன். மேலுதட்டை நீட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, என் தோளில் தாடையைச் சாய்த்துவிடுவான்.

காலையில் நான் முதலில் பார்ப்பது அவன் வாலில் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா என்றுதான். குதிரை நின்றுகொண்டே கண் அயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். கால் வலித்த நாள்களில் எழுந்திருக்கப் பயந்து படுக்கவே மாட்டான். இப்போது பெரும்பாலான காலைகளில் வாலிலும் விலாவிலும் வைக்கோல் இருக்கிறது. ஸ்கேனை விட எனக்கு அதுதான் தைரியம்.

வேலை இல்லாமல் அவனால் இருக்க முடியாது என்று நீ சொல்வது சரி. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தரையில் கம்பங்களைக் கிடத்தி, கயிற்றைப் பிடித்துக் கூட நடக்கிறேன். ஒவ்வொரு கம்பத்துக்கும் தலையைத் தாழ்த்திப் பார்த்து, காலை அளந்து தூக்கி வைக்கிறான். கடைசிக் கம்பம் முடிந்ததும் நின்று என் பக்கம் திரும்புகிறான். உயரம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை, கயல். கேட்டதைச் செய்தேனா என்று பார்க்கிறான், அவ்வளவுதான். அதைக் கேட்க நீ வர வேண்டும்.

நீ வந்து பார்க்காமல் தள்ளிப்போடுவது எனக்குப் புரிகிறது. காலைப் பொழுதெல்லாம் அவனோடு கழித்தவளுக்கு அந்த வேலையும் போய்விட்டது, அந்த துக்கத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் நல்ல கவனிப்பு இருந்தால் குதிரை 25, 30 வயது வரை இருக்கும். காரிக்குப் பதினான்குதான் ஆகிறது. அவன் ஆயுசில் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது, அதில் நீ இருக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறேன்.

சேணத்தைப் பற்றியும் முடிவு சொல்லு. முதுகுச் சதை வடிந்துவிட்டதால் அது இனி அவனுக்குப் பொருந்தாது. புதிதாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளை யாருக்காவது கொடுக்கலாம் என்கிறாள் அம்மா. நீ சரி என்றால்தான்.

லாடக்காரர் அடுத்த மாதம் முதல் வாரம் குளம்பு செதுக்க வருகிறார். அப்போது வா. அந்த முன்னங்காலை அதிக நேரம் மடக்கிப் பிடிக்கக் கூடாது, நடுநடுவே இறக்கிவிட்டு மறுபடி தூக்க வேண்டும். அதற்குப் பக்குவமான ஒரு கை வேண்டும், எனக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை. தேதி தெரிந்ததும் சொல்கிறேன், லீவு போட்டுவிடு.

அன்புடன்,
அப்பா