இலவச உரிமம், ஆனால் ஜிமெயிலுக்குக் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலை உயர்ந்த அறிவியல் மென்பொருள்களைக் கல்வி நிறுவனங்களுக்கு இலவசமாகத் தரும் கம்பெனிகளைப் பாராட்டிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த இலவசம் யார் வரைக்கும் வந்து சேர்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன். எங்கள் பக்கத்துக் கதை இது.

விண்ணப்பப் படிவத்தின் முதல் கட்டத்திலேயே நாங்கள் நின்றுவிடுகிறோம். கல்லூரியின் பெயரில் மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள். ஜிமெயில் முகவரியை ஏற்பதில்லை. ஐ.ஐ.டி.யில் சேரும் மாணவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, சேர்ந்தவுடன் முகவரி வந்துவிடும். எங்கள் கல்லூரியில் துறைத்தலைவரே ஜிமெயிலில்தான் கடிதம் அனுப்புகிறார். பந்தி இலவசம்தான், பத்திரிகையைக் காட்டினால்தான் இலை போடுவோம் என்றால் எப்படி?

எம்.எஸ்சி. மாணவி ஒருவரின் புராஜெக்டுக்காக, மருந்து மூலக்கூறு புரதத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கும் டாக்கிங் மென்பொருள் ஒன்றைக் கேட்டிருந்தோம். முதல்வரின் கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பியும் பதில் இல்லை. கடைசியில் அந்த மாணவி ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் மென்பொருளில் வேலையை முடித்தார். அது திறந்த மூல மென்பொருள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பென் டிரைவில் கைமாறும் கிராக் காப்பி என்று இன்னொரு வழியும் இருக்கிறது. அதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

அப்படியானால் திறந்த மூல மென்பொருளையே பயன்படுத்த வேண்டியதுதானே என்று கேட்பார்கள். முடிந்த இடத்தில் அதைத்தான் செய்கிறோம். கணக்கீடுகளுக்கான வணிக மென்பொருளான மேட்லாப் இல்லாத இடத்தில் திறந்த மூல சைலாப் இருக்கிறது, ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. ஆனால் ஹைதராபாத்திலோ பெங்களூரிலோ மருந்து நிறுவன வேலைக்குப் போகும் பிள்ளையிடம் நேர்முகத் தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் வணிக மென்பொருளின் பெயர்தான். அதைத் தொட்டே பார்க்காதவர் அங்கே என்ன சொல்வார்?

இலவசத்தை இவ்வளவு சுற்றி வளைக்காமல் கொடுத்தவர்களும் உண்டு. படிகத்தில் எக்ஸ்ரே செலுத்தி அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க உதவும் ஷெல்எக்ஸ் நிரல்களை எழுதியவர் ஜார்ஜ் ஷெல்ட்ரிக். 1976-இல் வெளியுலகுக்கு வந்த அந்த நிரல், வருமானம் பார்க்கும் நிறுவனங்களுக்குக் கட்டணம், கல்வியாளர்களுக்கு இலவசம் என்ற ஏற்பாட்டில் உலகம் முழுக்கப் பரவியது. பயன்படுத்துகிறவர்கள் மேற்கோள் காட்டுவதற்கு வசதியாக 2008-இல் ஒரு கட்டுரை எழுதினார், அவ்வளவுதான். அந்தக் கட்டுரைக்கு வந்து குவிந்த மேற்கோள்களால், அதை வெளியிட்ட ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ இதழின் தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) சுமார் 2-லிருந்து 2009-இல் ஏறக்குறைய 50-க்குத் தாவியது! இயற்பியலாளர் ஜி.என்.ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த படிகவியல், இன்று தமிழ்நாட்டில் சிறிய ஆய்வகங்களிலும் நடக்கிறதென்றால் ஷெல்எக்ஸுக்கும் அதில் பங்குண்டு.

இன்றைய உரிமங்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல உரிமங்கள் ஓராண்டுக்குத்தான். பல வழிகளில் சிறந்ததைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் குரோபி போன்ற மென்பொருள் முழுத் திறனோடு இலவசமாகக் கிடைக்கிறது, உண்மை. ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பகுதிநேரமாக முனைவர் பட்டம் படிக்கும் பள்ளி ஆசிரியர் ஐந்தாறு ஆண்டு இழுத்துப் பறித்து ஆய்வை முடிக்கிறார். நடுவில் புதுப்பிக்க முடியாமல் போனால், சில மென்பொருள்களில் அவற்றுக்கே உரிய வடிவத்தில் சேமித்து வைத்த கோப்புகளைத் திறக்கக்கூட முடியாமல் போகலாம்.

கம்பெனிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆய்விதழ்களைப் படிப்பதற்காக ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அரசு 2025 முதல் 2027 வரைக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. நல்ல காரியம். கட்டுரையைப் படிக்கலாம், சரி. அதில் உள்ள கணக்கீட்டை மாணவர் தானே செய்து பார்க்க மென்பொருள் வேண்டாமா? அதற்குக் கோடிகள்கூடத் தேவையில்லை, கல்லூரிப் பெயரில் மின்னஞ்சல் முகவரி கிடைத்தாலே முதல் தடை நீங்கும். கல்லூரிக்கென்று ஒரு டொமைன் (சொந்த இணையப் பெயர்) இருந்தால், தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் சேவையை கூகுளே கட்டணமில்லாமல் தருகிறது. அதுவும் முடியாத கல்லூரிகளுக்கு, அவை இணைந்திருக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் டொமைனிலேயே ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் முகவரி கொடுக்கலாம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து அதை மூடிக்கொள்ளட்டும். ஆய்விதழ்கள் திருத்தம் கேட்டு எழுதும் காலம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
வேதியியல் உதவிப் பேராசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்