மாமியின் தக்காளியைப் பழுதாகவிடாதவர்களுக்கு நன்றி

கோடை முடிவிலிருந்து எங்கள் வீட்டில் நடந்தது உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும், அதைத் திரும்பக் கிளறப்போவதில்லை. மாமி, என் புருசனின் அம்மா, போய்விட்டார். நோயில்பூசுதல் (சுவாமி எண்ணெய் பூசிச் செபிப்பது) பெற்று, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கட்டிலைச் சுற்றி நிற்க, அவர் கேட்டபடியே போனார். இத்தாலியச் சொந்தங்களுக்கு இவர் எழுதிவிட்டார். தமிழில் எழுதவேண்டியது என் பொறுப்பு, ஏனென்றால் ரொறன்ரோவில் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்த ஒரு கிழவிக்காக ஓடித் திரிந்தவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்த தாதிமார், ஆங்கிலம் முழுக்க மறந்துபோன மாமியோடு கைச்சாடையிலேயே கதைத்துச் சிரிக்க வைத்த பிலிப்பினோப் பிள்ளை, காலைப் பூசை முடிந்த கையோடு நற்கருணை கொண்டுவந்த பங்குச் சுவாமி, கறுப்பு உடுப்போடு வந்து தங்கள் மொழியில் செபமாலை சொன்ன கோயில் கிழவிகள், அவர்கள் முடித்ததும் அதே கதிரைகளில் இருந்து தமிழில் தொடங்கிய அம்மாவின் செபக்குழு, இடியப்பமும் சொதியும் சட்டியோடு இறக்கிய மச்சாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டாமல் அக்கம்பக்கம் சாப்பாடு கொண்டுவருவது தெற்கு இத்தாலியிலும் வழக்கம்தான், அதனால் இவருடைய பெரியம்மாமார் ஒன்றும் கேட்காமல் சொதியை ஊற்றிச் சாப்பிட்டார்கள். பெயர் பெயராகச் சொல்ல வெளிக்கிட்டால் யாராவது விடுபடுவார்கள், அப்புறம் அது ஒரு வழக்காகும். எல்லோருக்கும் நன்றி.

ஒரு ஆளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதவேண்டும். பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசக் கிழவர். அசோர்ஸ் தீவுக்காரர், கல் அடுக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர், காலை வணக்கத்துக்கு மேல் வாய் திறக்காத மனிசன். ஒவ்வொரு செப்டெம்பரிலும் மாமியின் சோஸ் இரண்டு போத்தல் வேலிக்கு மேலால் அந்தப் பக்கம் போகும், மார்கழியில் அவர் போட்ட வைன் ஒரு போத்தல் இந்தப் பக்கம் வரும். வைன் புளிக்கிறது என்று மாமி அதை இறைச்சிக்கு ஊற்றுவார். இதை அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டாம்.

இத்தாலியர் வீட்டில் ஓகஸ்ட் கடைசி என்றால் தக்காளிதான். பெட்டி பெட்டியாக வாங்கி, கராஜில் பழைய படுக்கை விரிப்புகளைப் போட்டு, நன்றாகப் பழுக்கும்வரை பரப்பி வைப்பார்கள். பிறகு ஒரு நாள் முழுக் குடும்பமும் கூடும். கழுவி, வெட்டி, தோலும் விதையும் தனியாகப் பிரிய மெஷினில் விட்டு, போத்தலுக்கு ஒரு துளசி இலை (நம்முடையது அல்ல, அவர்களுடைய பசிலிக்கோ) போட்டு மூடி, பெரிய இரும்பு ட்ரம்மில் அடுக்கித் தண்ணீர் விட்டு, விறகு வைத்துக் கொதிக்க விடுவது. அடுத்த நாள் காலைவரை தண்ணீருக்குள்ளேயே ஆறவேண்டும். ஒரு வருடத்துச் சோஸ் அது. மாமியின் வீட்டில் மேல் குசினி பார்வைக்கு மட்டும், சமையல் எல்லாம் பேஸ்மென்ட் குசினியில், அங்கே தட்டு நிறைய அந்தப் போத்தல்கள் இருக்கும்.

இந்த முறை தக்காளி பரப்பிய பிறகுதான் மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு தக்காளியை யார் நினைத்தது?

ஒரு சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்தால் கராஜில் லைட் எரிகிறது. கள்ளன் என்றே நினைத்தோம். உள்ளே அந்தக் கிழவர், முழங்கைவரை சிவப்பு, மெஷினைக் கழற்றிக் கழுவிக்கொண்டு நிற்கிறார். அவருடைய மனுசி நிலத்தைத் துடைக்கிறார். எதிர் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் நம்முடைய வவுனியாப் பெடியள் இருவர் தோலையும் விதையையும் உரப் பைக்குள் அள்ளுகிறார்கள். உப்பும் இலையும் பார்க்கக் கோயிலிலிருந்து ஒரு இத்தாலிய அம்மாவையும் கூட்டி வந்திருந்தார்கள். பின்வளவில் ட்ரம் கொதித்து முடிந்து தணல் மட்டும் கிடந்தது. ஸ்நோ தள்ளும் மெஷினை எடுப்பதற்காக எப்போதோ கொடுத்த திறப்பு அவரிடம் இருந்திருக்கிறது. போத்தல்கள் ஒன்றோடு ஒன்று முட்டி உடையாமல் இருக்க மாமி நடுவில் செருகும் பழைய துவாய், கிழிந்த காற்சட்டை எல்லாம் எந்தப் பெட்டியில் கிடக்கின்றன என்று எனக்கே தெரியாது. அவர் தேடாமல் எடுத்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இத்தனை வருடமும் பார்த்திருக்கிறார்!

ஏன் இவ்வளவு பாடு என்று இவர் கேட்டார். தக்காளி பழுதாகிவிடும் என்றார் கிழவர். காலைவரை ட்ரம்மைத் தொடவேண்டாம் என்றார். போய்விட்டார்.

ஒரு போத்தலை மாமியிடம் கொண்டுபோனோம். சாப்பிட முடியாத நிலை. ஆனால் கையில் வாங்கி, மூடியின் நடுவில் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். டிக் என்று சத்தம் வரவில்லை, நன்றாக இறுகியிருக்கிறது. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, இலை கூடிப்போச்சு, யார் போட்டது என்று கேட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

மாமி ஒன்றும் புனிதை இல்லை. என்னைப் பற்றி இவர் முதன்முதலில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி நான் ஞானஸ்நானம் பெற்றவளா என்பது, இரண்டாவது எனக்கு மா குழைக்கத் தெரியுமா என்பது. பெற்ற ஆண்பிள்ளைகளை ஒரு கோப்பை கழுவ விட்டதில்லை, அதன் பலனை நான் அனுபவிக்கிறேன். ஆனால் அவர் வந்த வழியைப் பார்த்தால் கோபம் நிற்காது. கலாப்ரியாவில் கொசென்சாப் பக்கத்து மலைக் கிராமத்துக் கோயிலில், மாப்பிள்ளை கனடாவில் இருக்க, அவருக்குப் பதிலாக அவருடைய தம்பி பக்கத்தில் நின்று நடந்த கலியாணம். படத்தைப் பார்த்துக் கட்டி விமானம் ஏறிய நமக்கு அது புதினமில்லை. 1958இல் கப்பலில் ஹாலிஃபாக்ஸில் குடிவருவோர் இறங்கும் துறையான பியர் 21, அங்கிருந்து ரயில், பிறகு ஸ்பாடைனா வீதியில் தையல் ஃபக்டரி. அந்த நாட்களில் பல பங்குகளில் இத்தாலியருக்குப் பூசை கோயிலின் கீழ் மண்டபத்தில்தான், மேலே ஐரிஷ்காரர். அதைப் பற்றிக் கேட்டால், கீழே குளிர் குறைவு என்பார், அவ்வளவுதான்.

1960 மார்ச் 17 இரவு ரொறன்ரோவின் ஹொக்ஸ் ஹொலோவில் தண்ணீர்க் குழாய்ச் சுரங்கத்தில் தீப்பிடித்து ஐந்து இத்தாலியத் தொழிலாளர்கள் இறந்தார்கள், அதில் இருவர் உடன்பிறந்தவர்கள். மாமாவும் அப்போது சுரங்க வேலைதான், வேறு இடத்தில். அடுத்த நாளிலிருந்து மாமி தினமும் காலைப் பூசைக்குப் போகத் தொடங்கினார், மாமா செத்த பிறகும் விடவில்லை. பக்தி என்று நாங்கள் சொன்னதில் பாதி பயம் என்று நினைக்கிறேன். புருசன் வேலையிலிருந்து திரும்பி வரவேண்டும் என்ற பயம்.

யாழ்ப்பாணத்துப் பாசையூர் அந்தோனியார் கோயில் பிள்ளையான என் அம்மாவோடு மாமி ஒட்டியதும் அந்த வழியில்தான். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை, அந்தோனியார் இருந்தார். பெரிய வெள்ளியில் கொலேஜ் வீதிச் சுற்றுப்பிரகாரத்துக்கு இருவரும் கை கோர்த்துக்கொண்டு போவார்கள், நாங்கள் வாட்டர் போத்தலோடு பின்னால்.

அடுத்த ஓகஸ்டில் தக்காளி போடுவது நான்தான். இவரும் மகனும் மெஷின் சுற்றவேண்டும், இதில் பேச்சுவார்த்தை கிடையாது. ட்ரம்முக்குப் பொறுப்பு பக்கத்து வீட்டு ஐயா, சம்மதம் கேட்டாயிற்று, தலையை ஆட்டினார். வவுனியாத் தம்பிமாருக்கு ஆளுக்கு ஒரு பெட்டி சோஸ் எடுத்து வைத்திருக்கிறேன், வந்து எடுங்கள்.

முப்பதாம் நாள் பூசை வரும் ஞாயிறு பின்னேரம், மாமியின் பங்குக் கோயிலில், முதலில் இத்தாலியத்தில், கடைசிப் பாட்டு தமிழில். பிறகு கீழ் மண்டபத்தில் சாப்பாடு. செத்தவீட்டன்று போத்தல் கொண்டுபோனவர்கள் வெறும் போத்தலைக் கழுவிக் கொண்டுவாருங்கள். மூடி வேண்டாம், அது ஒவ்வொரு வருடமும் புதிதாகத்தான் வாங்குவது.