கெர்ஷ்வினோட அந்த 15 டாலர் வேலையப் பத்தியும் எழுதுங்க

அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்கள்ல கச்சேரிக் குறிப்பு எழுதுற எல்லாருக்கும் வணக்கம்.

ஜார்ஜ் கெர்ஷ்வின்ங்கிற அமெரிக்க இசையமைப்பாளர் பியானோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதின 'ராப்சடி இன் ப்ளூ' வாசிக்கிற கச்சேரின்னா நீங்க எழுதுற குறிப்பத் தேடிப் பிடிச்சுப் படிக்கிற ஆள் நான். பெரும்பாலும் ஒரே கதைதான் இருக்கு. கெர்ஷ்வின் ஒரு கச்சேரிக்குப் புது பீஸ் எழுதிக்கிட்டிருக்காருன்னு 1924 ஜனவரியில பேப்பர்ல வந்த செய்தியப் பார்த்துட்டு அவரு அவசர அவசரமா எழுதினாரு, பிப்ரவரி 12 அன்னைக்கு நியூயார்க் ஏயோலியன் ஹால்ல ஒரே கைதட்டல். அதுக்கு முந்தின பத்து வருஷம் எங்க போச்சு?

1914ல ஸ்கூல பாதியில விட்டுட்டு, 15 வயசுல ரெமிக்ங்கிற பாட்டு அச்சடிச்சு விக்கிற கம்பெனியில வாரம் 15 டாலருக்கு சேர்ந்த பையன் அவரு. வேலைக்குப் பேரு சாங் ப்ளக்கர். ரேடியோ வராத காலம், கம்பெனிக்கு வருமானமே ஷீட் மியூசிக்தான், அதாவது பாட்டோட இசைக்குறிப்ப அச்சடிச்ச தாள், மேடைப் பாடகர் யாராவது பாடி ஹிட் ஆக்கினாதான் ஜனங்க அத வாங்குவாங்க, அதனால ஒரு குட்டி ரூம்ல பியானோ முன்னாடி உக்காந்து வர்றவங்களுக்கெல்லாம் கம்பெனி பாட்டையே நாள் பூரா வாசிச்சுக் காட்டணும், பாட வந்தவங்களுக்கு சுருதி எட்டலேன்னா அந்த நிமிஷமே வேற சுருதிக்கு மாத்தி வாசிக்கணும். இதான் அவரோட காலேஜ்னு நான் சொல்லுவேன். ராப்சடி அரங்கேற்றத்துல பியானோ பகுதி முழுசா எழுதி முடிக்காமலே மேடையேறி, அங்கங்க மனசுல வந்தத வாசிச்சாரே, அந்தத் தைரியம் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க?

சொந்தப் பாட்டுக்கு ரெமிக்ல பெருசா வரவேற்பில்ல. 1916ல முதல் பாட்டு வேற கம்பெனியிலதான் அச்சாச்சு, கைக்கு வந்தது 5 டாலர். கூடுதல் காசுக்கு பியானோ ரோல் (தானா வாசிக்கிற பியானோவுல போடுற, ஓட்டை போட்ட பேப்பர் சுருள்) பண்ணாரு, அதுல சிலது புனைபேர்ல. 1918ல மேக்ஸ் ட்ரைஃபஸ்ங்கிற பாட்டுப் பதிப்பாளர் வாரம் 35 டாலர் குடுத்து பாட்டு மட்டும் எழுதுன்னு வச்சுக்கிட்டாரு, அந்த மனுஷனுக்கும் உங்க குறிப்புல ஒரு வரி குடுக்கலாம்.

அப்புறம் அவரோட 'ஸ்வானி' பாட்டு. 1919ல நியூயார்க் கேபிடல் தியேட்டர் திறப்பு ஷோவுல வந்தப்ப பெருசா எடுபடல. அதே பாட்ட அப்போ பெரிய மேடைப் பாடகரா இருந்த ஆல் ஜோல்சன் எடுத்துப் பாடி 1920 ஜனவரியில ரெக்கார்டும் பண்ணதும் ஷீட் மியூசிக் பத்து லட்சம் பிரதி போச்சு. சரியான ஆள் பாடினாதான் பாட்டு போகும்னு ரெமிக் ரூம்ல தினம் பார்த்த விஷயம், அவரோட சொந்தப் பாட்டுலயே நடந்துச்சு.

என் வேண்டுகோள் சின்னதுதான். இதுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்க. முடிஞ்சா உங்க ஆர்க்கெஸ்ட்ராக்காரங்ககிட்ட பேசி, 1917ல ரெமிக்கே வெளியிட்ட கெர்ஷ்வினோட பியானோ பீஸ் 'ரியால்டோ ரிப்பிள்ஸ்'ஸ ராப்சடிக்கு முன்னாடி வாசிக்க வைங்க, சின்ன பீஸ்தான், ராப்சடி வாசிக்க வர்ற பியானிஸ்டே அதையும் வாசிச்சிடலாம்.

இப்படிக்கு,
உங்க குறிப்புகள ஒரு வரி விடாம படிக்கிற ஒரு ரசிகன்