புகார் எண் கொடுத்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் நள்ளிரவு இரைச்சல், அண்டை வீட்டார் மிரட்டல், மாடிப்படியில் கும்பல் கூடுதல் போன்ற சமூக விரோத நடத்தைகள் குறித்து உள்ளாட்சி மன்றத்திடம் முறையிடுவோருக்கு முதலில் கிடைப்பது ஒரு புகார் எண்ணும், நடந்ததைத் தேதி, நேரத்துடன் எழுதிவரச் சொல்லும் ஒரு படிவமும்தான். சான்றின்றி நீதிமன்றத்தை நாட முடியாது என்பதால் படிவத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் உள்ளாட்சி மன்றம் காவல்துறையையும், காவல்துறை (குறைந்த வாடகைக்கு வீடு தரும்) வீட்டுவசதிச் சங்கத்தையும் கைகாட்டிக்கொண்டிருக்க, எழுதிக் கொடுத்ததை யார் படித்தார்கள் என்பதே தெரியாமல் போகிறது.

இந்த அலைக்கழிப்பைத் தவிர்க்கவே, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டம், இவ்வமைப்புகள் அனைத்தும் ஒன்றாக அமர்ந்து தங்கள் நடவடிக்கைகளை மறுஆய்வு செய்யுமாறு கோரும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு வழங்கியது. ஆறு மாதங்களில் மூன்று தகுதியான புகார்கள் அளித்திருந்தால் போதும். உள்ளூர் அமைப்புகள் அந்த வரம்பை அதற்குமேல் உயர்த்த முடியாது. ஒவ்வொரு சம்பவத்தையும் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும் என்பதால், பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருப்பவர்களுக்கே (நம்மவர்களில் பலர் அப்படித்தான்) இழப்பு அதிகம்.

மறுஆய்வுக் குழு பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டாயப்படுத்த முடியாது என்பது சட்டத்தின் குறையே. எனினும், இவ்வுரிமை இருப்பதையே முறையிடுபவருக்குச் சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய குறை. புகார் எண்ணை அனுப்பும் அதே கடிதத்தில், மறுஆய்வு கோரும் வழியையும் பொறுப்பு அலுவலரின் பெயரையும் மன்றங்கள் குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்